பெரியம்மாவும் ஒல்லாந்தர் கோட்டையும்

நாவலூர் என்றதும் சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த திருநாவலூரை நினைத்துக்கொண்டு யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். அது தெற்கே வெகு தூரத்தில் இருக்கிறது. நான் சொல்லும் நாவலூர், பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூரைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் வருவது. ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த கிராமம். இன்றைக்கு அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்படியான மாடிக் கட்டடங்கள். பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாவல் மரத்தை நானும் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

அங்கே பதினாலாவது மாடியில் என் பெரியம்மா, மகனோடும் மருமகளோடும் இருக்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். காப்பி கொடுத்த கையோடு கைபேசியை நீட்டினாள். அமெரிக்காவிலிருந்து பேத்தி அனுப்பிய படங்கள். சிவப்புச் செங்கல் வீடுகள், வெள்ளை மர வேலி, தொப்பியும் முழங்கால் சட்டையும் போட்ட ஒரு கொல்லன், குதிரை வண்டி.

“ஏண்டி, அமெரிக்கான்னா நூறு மாடிக் கட்டடம்னு சொல்வாங்களே. இது என்ன, சினிமா எடுக்கிற இடமா?”

சினிமா எடுக்கிற இடம் இல்லை. ஆனால் பெரியம்மா கேட்டதும் முழுத் தவறு இல்லை. அது வர்ஜீனியா மாகாணத்தில் உள்ள வில்லியம்ஸ்பர்க் என்ற சிற்றூர். 1699 முதல் 1780 வரை அந்த மாகாணத்துக்கு அதுதான் தலைநகரம். தலைநகரம் ரிச்மண்டுக்குப் போனதும் ஊர் படுத்துத் தூங்கிவிட்டது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுத் தூக்கம்! 1926-ல் அவ்வூர்ப் பாதிரியார் குட்வின் என்பவர், கோடீசுவரர் ஜான் ராக்பெல்லர் ஜூனியரைப் பிடித்து, “இந்த ஊரைப் பழையபடி ஆக்குங்கள்” என்று கேட்டுக்கொண்டார். எண்பத்தெட்டுப் பழைய கட்டடங்கள் மீட்கப்பட்டன. 1781-ல் எரிந்து போன கவர்னர் மாளிகையை அதே அஸ்திவாரத்தின் மேல் மறுபடி எழுப்பி 1934-ல் திறந்தார்கள். பிற்காலத்தில் முளைத்த நூற்றுக்கணக்கான கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள். இன்று கொல்லன், தச்சன், பொய்முடி செய்கிறவன் எல்லாரும் பழைய வேஷத்தில் நின்று வேலை செய்து காட்டுகிறார்கள். டிக்கெட் வாங்கி ஜனங்கள் வந்து குவிகிறார்கள். அந்தப் பழைய ஊரின் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகளாக இருந்த கறுப்பு இன மக்கள். ஆரம்பத்தில் வெகு காலம் அவர்களைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. 1979-க்குப் பிறகுதான் அவர்களுடைய கதையையும் முறையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவள் கேட்ட கேள்வி வேறு.

“அது சரி, அந்த வீடுகளிலே குடியிருந்தவங்க எங்கே போனாங்க?”

“வீட்டை விற்றவர்களில் பலரை, சாகிற வரைக்கும் அங்கேயே இருக்கலாம் என்று விட்டார்கள், பெரியம்மா.”

“பரவாயில்லை. மரியாதை தெரிஞ்ச மனுஷன்தான்” என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

காரணம் எனக்குத் தெரியும். திருக்கழுக்குன்றத்தில் அவள் நாற்பத்தாறு வருஷம் வாழ்ந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. பெரியப்பாவின் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், பின்கட்டு. பூட்டிக் கிடந்து ஆறு வருஷம் ஆகிறது, மழைக்கு ஒழுகுகிறது. வாங்குகிறவர் இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார். புதன்கிழமை பத்திர ஆபீசில் கையெழுத்து. அண்ணன் பேரில் குற்றம் சொல்ல முடியாது. அவன் வங்கிக் கடனில் வாங்கிய பதினாலாவது மாடிக்கு மாதா மாதம் படியளக்க வேண்டுமே!

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாலே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேண்டி” என்றாள் பெரியம்மா.

“நாளைக்கே போகலாம். ஆனால் செங்கல்பட்டு வழியாக வேண்டாம், கடற்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போவோம்” என்றேன். பத்திரிகைக்காரியின் புத்தி! ஒரு பிரயாணத்தில் ஒரு கட்டுரை தேறாதா என்று பார்க்கும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வாடகைக் காரில் புறப்பட்டோம். மெட்ரோ ரயிலுக்கான தூண்களுக்கு நடுவே சிறுசேரி, படூர் கடந்து கேளம்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பினால் உலகமே மாறிவிடுகிறது. இருபுறமும் உப்பளம். வெள்ளை வெளேரென்று குவித்த உப்பு. உப்பங்கழியில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. கண் முன்னே கோவளம்.

கோவளத்தை மீன் குழம்புக்காகவும் அலையாட்டத்துக்காகவும் மட்டும் நினைக்கிறவர்கள் அதிகம். ஆனால் அது ஆர்க்காட்டு நவாபு காலத்தில் சாதத் பந்தர் என்ற துறைமுகம். பெல்ஜியத்திலிருந்து வந்த ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரர்கள்கூடப் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே கடை விரித்தார்கள். 1752-ல் ராபர்ட் கிளைவ் கோட்டையைப் பிடித்தார். அந்தக் கோட்டை இருந்த இடத்தில் 1974 முதல் ஒரு பெரிய ஹோட்டல் இருக்கிறது. தர்காவும் மாதா கோயிலும் அருகருகே இருக்கும் ஊர். கோட்டையைத் தேடிக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள்.

கோவளத்திலிருந்து வடக்கே கொஞ்சம் திரும்பி வந்தால் முட்டுக்காட்டில் தட்சிணசித்திரா. நாவலூர், தாம்பரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வருஷா வருஷம் அழைத்துப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். டெபோரா தியாகராஜன் என்ற, அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டுக்கு மருமகளாக வந்த அம்மையார், 1984-ல் சென்னை கைவினை அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் முயற்சியால் 1996 டிசம்பரில் இது திறக்கப்பட்டது. லாரி பேக்கர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். தென்னாட்டில் இடிபடவிருந்த வீடுகளைச் சட்டம் சட்டமாக, கதவு கதவாகக் கழற்றி, எண் போட்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே மறுபடியும் பூட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, திருநெல்வேலிச் சீமை அக்கிரகார வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று பதினெட்டு வீடுகள்.

பெரியம்மா ஒரு திண்ணையைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டு விடுவிடென்று போய் அதில் உட்கார்ந்துவிட்டாள். தூணைத் தடவிப் பார்த்தாள். உள்ளே போய் முற்றத்தை அண்ணாந்து பார்த்தாள். சமையலறையில் நின்று, “இந்த இடத்திலே உரல் இருந்திருக்கணும்” என்றாள். பின்னால் நின்ற வட இந்தியப் பெண்கள் இருவர் அவளை இந்த இடத்து உத்தியோகஸ்தர் என்று நினைத்துக்கொண்டு ஏதோ கேட்க, பெரியம்மாவும் சளைக்காமல் தமிழிலேயே கையை ஆட்டி விளக்கம் சொல்லிவிட்டாள். அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன்: “எப்படி இருக்கிறது, பெரியம்மா?”

“ரொம்ப சுத்தமா வச்சிருக்காங்க. ஆனா வீடு இருக்கு, தெரு இல்லையேடி. எதிர்வீட்டுக்காரி இல்லாம திண்ணை எதுக்கு?”

எனக்கு வில்லியம்ஸ்பர்க் ஞாபகம் வந்தது. அங்கே தெருவே இருக்கிறது. ஆனால் எதிர்வீட்டுக்காரி மாலையில் வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவள்.

மறுபடியும் தெற்கே. திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாளைத் தரிசித்தோம். கல்யாணம் ஆகவேண்டிய பெண்களும் பிள்ளைகளும் மாலையும் கையுமாகப் பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு மாலை வாங்கிக் கொடுக்கப் பார்த்தாள் பெரியம்மா, நான் தப்பித்தேன். மாமல்லபுரத்தில் நிற்கவே இல்லை. அதைப் பற்றி எழுதாத பத்திரிகை உண்டா?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டரில், கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது சதுரங்கப்பட்டினம். வெள்ளைக்காரன் வாயில் சட்ராஸ். மாமல்லபுரத்துக்குப் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற ஜனங்களில் நூற்றில் ஒருவராவது இங்கே எட்டிப் பார்க்கிறாரோ என்னவோ. பக்கத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது என்று தெரிந்த அளவுக்கு இந்த ஊரை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது.

கடலைப் பார்த்தபடி செங்கல் கோட்டை. வாசலில் இரண்டு பீரங்கிகள். தொல்லியல் துறையின் நீலப் பலகை. உள்ளே புல்தரை, பாதி இடிந்த சுவர்கள், நீண்ட பண்டகசாலைகள், யானை மேல் ஏறுவதற்காகக் கட்டியதாகச் சொல்லும் ஒரு சரிவு மேடை. நாங்கள் போனபோது எங்களைத் தவிர நாலைந்து வெள்ளாடுகள் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் அழைத்த டச்சுக்காரர்கள் இந்தக் கடற்கரைக்கு எதற்காக வந்தார்கள் தெரியுமா? துணிக்காக! மொலுக்காத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் விளைந்தன. அவற்றை விற்கிறவர்கள் ஐரோப்பியச் சரக்கைச் சீந்தவில்லை. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியைத்தான் கேட்டார்கள். ஆகையால் இங்கே துணி வாங்கி, அங்கே கொண்டுபோய்க் கொடுத்து, வாசனைச் சரக்கு வாங்கி, ஐரோப்பாவில் விற்றுப் பணம் பண்ணினார்கள். பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டினார்கள். பிற்பாடு நாகப்பட்டினம் அவர்களுக்குத் தலைமையிடமாயிற்று. சதுரங்கப்பட்டினம் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் போன இடம். உள்ளூர்த் தறியில் ஒரு பெண் சுற்றிக் கொடுத்த நூல், ஆம்ஸ்டர்டாம் சீமாட்டியின் சமையலறையில் கிராம்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது!

இந்தச் சின்ன ஊரில் பெரிய விஷயங்கள் நடந்திருக்கின்றன. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகச் சண்டையை நிறுத்துவதற்காகப் பொது இடம் வேண்டும் என்று இங்கே வந்து உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு முறிந்தது. அதே வருஷம் டியூப்ளேயைப் பிரான்ஸ் திருப்பி அழைத்துக்கொண்டது. 1781-ல் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17-ம் தேதி, இதோ இந்தக் கடலில்தான், பிரெஞ்சுத் தளபதி சஃப்ரெனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் கப்பற்படைகளோடு மோதினார்கள். சாயங்காலம் வரை பீரங்கி முழங்கியும் யாருக்கும் முழு வெற்றி இல்லை. 1824-ல் லண்டனில் எழுதிய ஓர் உடன்படிக்கையால் டச்சுக்காரர்களின் இந்திய வாசமே முடிந்து போயிற்று.

கோட்டைக்குள் மதில் சூழ்ந்த ஒரு சிறு கல்லறைத் தோட்டம் பூட்டிக் கிடந்தது. காவலாளிப் பெரியவரிடம் கேட்டோம். சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு மெதுவாக வந்து திறந்துவிட்டார். உள்ளே பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்லறைகள். கல்லில் பூ வேலை, குடும்பச் சின்னங்கள், நெருக்கி நெருக்கி வெட்டிய டச்சு எழுத்துக்கள். கல்தச்சனின் கை நடுங்கவே இல்லை. அவன் நம் ஊர்க்காரனா, கப்பலில் வந்த கல்லா என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

பெரியம்மா ஒரு கல்லின் பக்கத்தில் குனிந்து, “இது யாரு?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த எழுத்துக்கள் இன்னது சொல்கின்றன என்று தமிழில் ஒரு சிறு பலகை அன்று என் கண்ணில் படவில்லை. காவலாளிக்கும் டச்சு தெரியாது. “எல்லாம் இங்கேயே செத்துப் போனவங்கம்மா” என்றார்.

“ஊருக்குத் திரும்பிப் போகணும்னு நினைச்சுக்கிட்டேதான் இருந்திருப்பாங்க, பாவம்” என்றாள் பெரியம்மா.

எனக்கு இந்தக் கோட்டையில் பொய்முடி வைத்த வேஷக்காரர்கள் வேண்டாம். டிக்கெட் வாசல் அலங்காரமும் வேண்டாம். அந்தக் கல்லறைகளில் இருப்பவர்கள் யார் என்று நாலு வரி, உட்கார நிழலில் ஒரு பெஞ்சு, பெண்கள் ஒதுங்க ஒரு நல்ல இடம், இவ்வளவு போதும். நீங்கள் போவதானால் தண்ணீரும் குடையும் கையோடு கொண்டு போங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னால் போனால் வெயில் சுடாது. புளியோதரையை வெளியே கடற்கரை மணலில் உட்கார்ந்து சாப்பிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். கொஞ்சம் மணலும் சேர்ந்துதான் உள்ளே போயிற்று.

சாப்பிடும்போது தரங்கம்பாடியைப் பற்றிப் பெரியம்மாவுக்குச் சொன்னேன். நான் பார்த்த சரித்திரச் சிற்றூர்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அநுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். சீகன்பால்கு ஐயர் 1706-ல் வந்து இறங்கித் தமிழ் அச்சுக்கூடம் வைத்தார். 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே பல பழைய வீடுகளைப் பழுது பார்த்திருக்கிறார்கள். சிலவற்றில் பிரயாணிகள் தங்கலாம். விசேஷம் என்னவென்றால், 1792-ல் கட்டிய கோட்டை வாசல் வழியாக இன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை.

“ஓடு எல்லாம் மாத்தினாங்களா?” என்று பெரியம்மா கேட்டாள். அவள் மனம் எங்கே இருந்தது என்று தெரிந்தது.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் திருக்கழுக்குன்றம். தூரத்திலேயே மலையும் மேலே வேதகிரீசுவரர் கோயிலும் தெரிகின்றன. இங்கே ஒரு வேடிக்கை. மலையில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபம் இருக்கிறது. அதன் சுவரில் டச்சுக்காரர்கள் தங்கள் பெயரையும் வருஷத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்! 1660-களிலும் 1680-களிலும் வந்து, நாள்தோறும் உச்சிவேளையில் சோறு தின்ன வரும் கழுகுகளைப் பார்த்துவிட்டு, சுவரில் பெயர் எழுதிவிட்டுப் போன உல்லாசப் பிரயாணிகள். நம் பையன்கள் கோயில் சுவரில் கரியால் கிறுக்கினால் காதைத் திருகுகிறோம். இவர்கள் கிறுக்கியதை அரசாங்கமே பாதுகாக்கிறது. முந்நூற்றைம்பது வருஷம் பொறுத்தால் எதுவும் சரித்திரம் ஆகிவிடும் போலிருக்கிறது.

கழுகுகள் இப்போது வருவதில்லை. 1990-களோடு நின்றுவிட்டது. “நான் கல்யாணமாகி வந்த புதுசிலே தினமும் ரெண்டும் வரும்டி. குருக்கள் கையிலே சர்க்கரைப் பொங்கல். உலையிலே அரிசி போடறதுக்கு எனக்கு அதுதான் கடிகாரம்” என்றாள் பெரியம்மா. ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை அண்ணாந்து பார்த்து, கீழேயிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவள் தெருவில் பதினோரு பழைய வீடுகள் இருந்தன என்பது என் சிறு வயது ஞாபகம். எண்ணிப் பார்த்தேன்: நாலு. இடையிடையே கண்ணாடி பதித்த மாடி வீடுகள், ஒரு மருந்துக் கடை, ஒரு காலி மனை. பெரியம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பதினாலாவது மாடியிலும் அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்! கதவு லேசில் திறக்கவில்லை. டிரைவர் தோள் கொடுத்துத் தள்ளினார். முற்றத்தில் ஆளுயர எருக்கு. பின்கட்டில் ஓடு சரிந்து வானம் தெரிந்தது. ஆனால் தூண்கள் ஒன்றுகூட அசையவில்லை. தேக்கு என்றால் தேக்கு.

எதிர்வீட்டு அம்மாள் சத்தம் கேட்டு வந்துவிட்டாள். “வந்துட்டீங்களா அக்கா!” என்று பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மோர் வந்தது. பேச்சு வந்தது. பேச்சுவாக்கில் அந்த அம்மாள் ஒரு சேதி சொன்னாள்: வாங்கப் போகிறவர் போன வாரமே ஒரு ஆசாமியை அழைத்து வந்து, ஜன்னல் வழியாகத் தூண்களைக் காட்டி விலை பேசினாராம். பழைய மரச் சாமான் வியாபாரி. கதவுக்குத் தனி விலை, தூணுக்குத் தனி விலை, ஊஞ்சல் பலகைக்குத் தனி விலை. மனைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இங்கேயே திரும்பிவிடும்!

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. மோரைக் குடித்து முடித்தாள். திண்ணையை முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். இருவரும் ஒரு மணி நேரம் யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே கல்யாணம் ஆயிற்று என்று பேசினார்கள். நான் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு.

இரவு நாவலூரில் லிப்டில் ஏறும்போதுதான் பெரியம்மா வாயைத் திறந்தாள். “காசிக்குப் போறதுக்குன்னு போஸ்டாபீசிலே கொஞ்சம் பணம் போட்டு வச்சிருக்கேன். பின்கட்டு ஓட்டுக்கு அது போதுமாடி?”

அண்ணனிடம் அவள் என்ன பேசினாள் என்பது எனக்குத் தெரியாது. நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிட்டேன். புதன்கிழமை பத்திர ஆபீசுக்கு யாரும் போகவில்லை என்பது மட்டும் தெரியும். அண்ணன் தை மாதம் வரைக்கும் தவணை சொல்லியிருக்கிறான். அதற்குள் வீடு ஒழுகாமல் நின்று, கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டு ஏதாவது தேறுமா என்று பார்க்கலாம். தேறாவிட்டால் விற்றுவிட வேண்டியது என்று ஒப்பந்தம். அண்ணி கணக்குப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாளாம்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஓடு மாற்றியாக வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் விசாரித்ததில், நாட்டு ஓடு வேயத் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவர் ஏணியில் ஏறுவதை நிறுத்திவிட்டார். நேயர்களில் யாருக்காவது அந்த வேலை தெரிந்த கொத்தனார் தெரிந்திருந்தால், காரியாலய விலாசத்துக்கு எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.